அக்கா மகன் கேட்ட வண்டி

அந்தச் சீனத்து வண்டி எங்கள் வாசலுக்கு வந்தால் என் கிழவர் வாசலைத் தாண்டிப் போய்விடுவார். எனக்கு இருந்த கவலை இது ஒன்றுதான். வண்டி நல்லதா கெட்டதா, கொடுக்கிற விலைக்குத் தகுமா தகாதா என்று சொந்தபந்தம் முழுக்க வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருந்தது. நான் இதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் கலம்காஸ். கிசில்ஓர்தா நகரத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. கிழவர் பெயர் ஒதெகென். கல்யாணமான நாளிலிருந்து மேற்கே எண்ணெய் வயலில் அவருக்கு வேலை. ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான் பாதிக் கல்யாணம்தான் பண்ணியிருக்கிறேன். மகள் முதல் அடி எடுத்து வைத்தபோது அவர் இல்லை. மாமனார் செத்தபோது இல்லை. கூரை ஒழுகும்போதெல்லாம் சொல்லிவைத்தாற்போல இல்லவே இல்லை. போன வசந்தத்தில்தான் ஓய்வு பெற்று ஒரேயடியாக வீட்டுக்கு வந்தார்.

வந்த புதிதில் எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். எந்தப் பக்கம் திரும்பினாலும் மனிதர் நிற்கிறார். பானையைத் திறந்து பார்த்து, "உப்புப் போட்டியா?" என்கிறார். நான் முப்பது வருஷமாக அடுக்கி வைத்த இடத்திலிருந்து கரண்டிகளை எடுத்து வேறு இடத்தில் வைக்கிறார். ஆனால் மனிதருக்குப் பழக்கம் என்று ஒன்று வந்துவிடுகிறது. கோடை முடிவதற்குள், அவர் கடைக்குப் போய்த் திரும்பக் கொஞ்சம் தாமதமானாலே நான் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

அப்போதுதான் சம்பந்தி கொஷ்கர்பாய் சீனத்துப் புது வண்டி வாங்கினார். எங்கள் மகளைக் கொடுத்த வீடு. ஆள் நல்லவர்தான், ஆனால் கையில் ஒன்று புதிதாக வந்தால் அதை நாலு பேர் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்று ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"ஏறுங்க சம்பந்தி, ஏறுங்க! கூரையே கண்ணாடி. படுத்துக்கிட்டு நட்சத்திரம் பார்க்கலாம்."

"பகல்ல என்னத்தப் பார்க்கிறது?" என்றேன்.

"சம்பந்தியம்மா, உங்க வண்டியில பகல்லயே நட்சத்திரம் தெரியும். ஒரு பள்ளத்துல விழுந்து எழுந்தாப் போதும்." அவரே சொல்லி அவரே சிரித்தார். "அந்தக் கிழட்டு ஜப்பான்காரனை இன்னும் எத்தனை நாளைக்கு இழுக்கப் போறீங்க? ஷோரூம்ல பழசைக் குடுத்தா எடுத்துக்கிறான். மீதியைத் தவணையில கட்டுங்க. நாளைக்கே புதுசுல ஏறலாம்."

என் கிழவர் கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாங்களும் எடுக்கிறதாத்தான் இருக்கோம்," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்போதிலிருந்து எடுக்கிறதாக இருக்கிறோம்? அந்த நொடியிலிருந்துதான். சம்பந்தி முன்னால் ஒரு ஆண்பிள்ளை வாயிலிருந்து வந்த சொல்லைத் திரும்ப வாய்க்குள் தள்ள முடியாது. அன்று மாலையே அவர் பழைய வண்டியைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

வியாழக்கிழமை ஷோரூமுக்குப் போனோம். நானும் கூடவே போனேன், அவரைத் தனியாக விட்டால்தானே. உள்ளே சஞ்சார் என்று ஒரு பையன். சட்டை மடிப்பு கத்தி போல் இருந்தது. எங்கள் பழைய வண்டியைச் சுற்றி வந்து, பெயின்ட் எவ்வளவு கனம் என்று பார்க்கிற ஒரு சின்னக் கருவியைக் கதவு கதவாக வைத்தான். பின் கதவில் வைத்ததும் அது கீச்சென்றது.

"ஐயா, இது மறுபடி பெயின்ட் அடிச்ச கதவு. விபத்தா?"

"விபத்து இல்லப்பா. ஒட்டகம்."

"ஒட்டகத்து மேல மோதிட்டீங்களா?"

"நான் மோதல. நிறுத்தி வச்சிருந்தேன். அது வந்து முதுகு சொறிஞ்சுக்கிச்சு."

பையன் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தான். "இதுல விபத்து உண்டு, இல்லைன்னு ரெண்டுதான் இருக்கு. ஒட்டகத்துக்குத் தனியா இடம் இல்லையே."

"அப்ப இல்லைன்னு போடு."

"கருவி உண்டுங்குதே ஐயா."

"கருவிக்கு அரிப்புன்னா என்னன்னு தெரியுமா?" என்றேன் நான். பையன் சிரித்துவிட்டான், ஆனால் உண்டு என்றே போட்டான்.

கடைசியில் அவன் சொன்ன விலை இரண்டு நல்ல குதிரைகளுக்குக்கூடக் காணாது. இத்தனை வருஷம் எங்களைப் புழுதியிலும் பனியிலும் சுமந்த வண்டி. ஒரு தடவைகூட நடு ஸ்டெப்பிப் புல்வெளியில் எங்களை நிறுத்திவைத்ததில்லை. கிழவரின் முகம் சிறுத்தது. இதோடு எழுந்துவிடுவார் என்று நான் கைப்பையைக்கூட எடுத்துக்கொண்டேன். பையன் மிச்சத்தைத் தவணையாகப் பிரித்து ஆறு வருஷம் என்றான். பிறகு மெதுவாக, "ஓய்வூதியத்தை வச்சு வங்கி ஒத்துக்காது ஐயா. வேற வருமானம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு," என்றார் கிழவர். என்னைப் பார்க்காமல் சொன்னார். "பழைய இடத்துல பேசிட்டேன். அடுத்த முறைக்கு வரச் சொல்லிட்டாங்க."

அங்கேதான் எனக்குத் தெரிந்தது. ஒரு சட்டைக்காரப் பையன் முன்னால், விலைச்சீட்டுக்கும் தண்ணீர்க் குவளைக்கும் நடுவில். ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே, இன்னும் ஆறு வருஷத்துக்கு. அவர் அட்வான்ஸ் கட்டினார். திங்கட்கிழமை பழைய வண்டியைக் கொண்டுவந்து ஒப்படைத்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று பேச்சு. வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் பேசினேன். அக்கம்பக்கத்துக்கும் கேட்டிருக்கும்.

"யோவ் கிழவா, உனக்குப் புத்தி பிசகிப்போச்சா? எனக்கு வண்டி வேணும்னு நான் கேட்டேனா?"

"போன மாசம் மக வீட்டு வாசல்ல இறங்கும்போது மானம் போகுதுன்னு சொன்னியே."

"கதவு திறக்கலைன்னு சொன்னேன்! நீ ஜன்னல் வழியா என்னைப் பிடிச்சு இழுத்தியே, அதுக்குச் சொன்னேன்!"

"ஆறு வருஷம்தானே. கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்."

"நான் மூடினா திறக்க மாட்டேன். வயசென்ன ஆகுதுன்னு நினைச்சே?"

"கத்தாதே. சம்பந்திகிட்டச் சொல்லியாச்சு."

இதுதான் அவருடைய கடைசிப் பதில். நான் எந்த வழியில் போனாலும் அந்தச் சம்பந்தி நடுவழியில் நிற்பார். வெள்ளிக்கிழமை முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் ரொட்டிக்கு மாவு பிசைந்தேன். அவர் பரணிலிருந்து எண்ணெய் வயல் வேலைக்கான கனத்த கோட்டை இறக்கி வெயிலில் தொங்கவிட்டார். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அன்றைக்கு நான் சண்டையையே கைவிட்டுவிட்டேன். போகட்டும், எத்தனையோ வருஷம் இருந்த மாதிரி இதுவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனசு விட்டுப்போய்விட்டது.

சனிக்கிழமை ஆடு அறுத்தோம். புது வண்டிக்குப் பெரியவர்கள் வாயால் வாழ்த்து வாங்காமல் ஓட்ட முடியுமா? கிழவர் எல்லோரையும் அழைத்திருந்தார். சம்பந்தி கண்ணாடிக் கூரை வண்டியில் முதல் ஆளாக வந்தார். பெரிய விருந்தாளிக்கென்று வைக்கிற ஆட்டுத்தலை அவர் முன்னால்தான் வைக்கப்பட்டது. தட்டில் இறைச்சியும் மாவுப் பட்டைகளும் ஆவி பறக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டிருந்ததில் தாடை வலித்தது.

நடுவில் கதவு திறந்து பெர்திபெக் வந்தான். என் நாத்தனாரின் மகன், ஆரல் கடல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கால்நடை வைத்தியன். பேருந்தில் வந்திருந்தான். தோளெல்லாம் புழுதி, கையில் ஒட்டகப்பால் கேன்.

"வாடா மருமகனே! அம்மா வரலையா?" என்றார் கிழவர்.

"அம்மாவுக்கு முட்டி வலி மாமா. மாமாவுக்குப் புது வண்டி வருது, போய் வாழ்த்திட்டு வாடான்னு அனுப்பினாங்க."

உட்கார்ந்தான், சாப்பிட்டான். மனைவி மாசமாக இருக்கிறாள் என்றான். ஒட்டகம் கன்று ஈனத் திணறுகிறது என்று ஆள் வந்தால் யாருடைய டிராக்டரிலாவது தொற்றிக்கொண்டு போகிறேன், போய்ச் சேருவதற்குள் பாதி நேரம் எல்லாம் முடிந்துவிடுகிறது என்றான். யாரும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. சம்பந்தி தன் வண்டி எத்தனை மொழி பேசும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். சாப்பாடு முடிந்து எல்லோரும் உள்ளங்கையை விரித்து வாழ்த்துக்குத் தயாரானபோது பெர்திபெக் எழுந்து நின்றான்.

"மாமா, நான் இதுவரைக்கும் இந்த வீட்டுல எதையும் கேட்டதில்லை."

கூடத்தில் பேச்சு பட்டென்று நின்றது. அக்கா மகன் தாய்மாமன் வீட்டில் மூன்று தடவை கேட்கலாம். கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்ன மாமனுக்குக் கை நடுங்கும் என்று எங்கள் ஊர்ப் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கொஞ்சம் விவரமான மாமனாக இருந்தால் மருமகன் வருகிறான் என்றதும் நல்ல குதிரையைக் கொல்லைப்பக்கம் ஓட்டிவிடுவான். என் கிழவரோ வண்டியைப் பளபளவென்று துடைத்து வாசலில் நிறுத்திவைத்திருந்தார்.

"கேளு," என்றார்.

"உங்களுக்குத்தான் புதுசு வருதே. அந்தப் பழைய வண்டியை எனக்குக் குடுங்க மாமா."

பையன் பாவம், எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றான். புதுசு வந்தால் பழசு சும்மாதானே கிடக்கும் என்று நினைத்திருக்கிறான். அவன் ஊரில் யாரும் பழைய குதிரையைக் கொடுத்துப் புதுக் குதிரை எடுப்பதில்லை.

கொஷ்கர்பாய்தான் முதலில் வாய் திறந்தார். "தம்பி, அந்தப் பழசைக் குடுத்தாத்தான்டா புதுசே வரும். திங்கட்கிழமை ஒப்படைக்கணும். அது இல்லேன்னா இது இல்ல."

பெர்திபெக்கின் காது மடல்கள் சிவந்தன. "ஐயோ மாமா, சத்தியமாத் தெரியாது. அத்தை, யாரும் சொல்லலையே. விட்டுடுங்க மாமா, நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கிறேன். கேக்கவே இல்லைன்னு வச்சுக்குங்க."

"அதான் பையனே விட்டுக்குடுத்துட்டானே," என்றார் சம்பந்தி. "நல்ல பிள்ளை. சரி, கையை விரிங்க, வாழ்த்திடலாம்."

எல்லோரும் கிழவரைப் பார்த்தார்கள். அவர் சரி என்று தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும். வண்டி மிஞ்சும், பேரம் நிலைக்கும், திங்கட்கிழமை கையெழுத்து.

அவர் தலையாட்டவில்லை. எழுந்தார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"என்னடா வாபஸு? கேட்டது கேட்டதுதான். என் வீட்டுல நின்னு, பத்துப் பேரு முன்னாடி, என் அக்கா மகன் கேட்டுட்டான். நான் குடுக்காம இருந்தா இந்தக் கை நடுங்கட்டுமா? பிடிடா."

"மாமா, வேணாம்..."

"பிடிடான்னா! உன்னைக் கெஞ்சணுமா?"

சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களையும் தானே மூடிவிட்டார். "பின் கதவை உள்ளேயிருந்து திறக்க வராது. வெளியே இருந்து தூக்கித் திறக்கணும். குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது அவசரப்படாதே, கொஞ்சம் பேசிட்டு அப்புறம் திருப்பு."

சம்பந்தி வாயைப் பிளந்தபடி இருந்தார். கிழவர் அவர் பக்கம் திரும்பி, துக்கம் விசாரிக்க வந்தவரிடம் பேசுகிற குரலில், "என்ன பண்றது சம்பந்தி, அக்கா மகன்," என்றார். சம்பந்தியும் தலையை ஆட்டி, "அக்கா மகன்னா ஒண்ணும் பண்ண முடியாதுதான்," என்றார். போன வருஷம் அவருடைய அக்கா மகன் பால்கறக்கிற குதிரையைக் குட்டியோடு ஓட்டிக்கொண்டு போன கதையை அப்போதே ஆரம்பித்துவிட்டார்.

நான் கிழவரின் முகத்தைப் பார்த்தேன். இந்த மனிதரின் முகத்தை எனக்குத் தெரியும். அது வண்டியைப் பறிகொடுத்த முகமில்லை. வெயிலில் வெகுதூரம் நடந்தவன் ஒரு மரத்தடியைக் கண்டாற்போல இருந்தது. எனக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு நம்பிக்கை எழுந்தது, ஆனால் அதை நம்பப் பயமாக இருந்தது. வாழ்த்து மருமகனுக்கும் பழைய வண்டிக்கும் போனது. பெர்திபெக் மூன்று தடவை திரும்பி வந்து, "நிஜமாவா மாமா?" என்று கேட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை காலை கிழவர் ஷோரூமுக்குப் போன் செய்தார். நான் பாத்திரம் துலக்குகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன். அந்தப் பையன் குரல் எனக்கும் கேட்டது.

"சொல்லுங்க ஐயா, வண்டி கிளம்பியாச்சா?"

"கிளம்பிடுச்சுப்பா. ஆரல் பக்கம். அக்கா மகன் கேட்டுட்டான்."

"சொந்த அக்காவா?"

"கூடப் பிறந்தவ."

"அடடா." அவன் கத்திமடிப்புக் குரல் போய்ப் பக்கத்து வீட்டுப் பையன் குரல் வந்துவிட்டது. "அப்ப யாரு என்ன பண்ண முடியும்? அட்வான்ஸைத் திருப்பித் தரச் சொல்றேன் ஐயா. மேலாளர்கிட்டச் சொன்னாப் புரிஞ்சுக்குவாரு, அவருக்கும் அக்கா இருக்கு."

நான் பெருமூச்சு விடப்போன நேரத்தில் அவன் தொடர்ந்தான். "ஆனா ஐயா, பழசு இல்லாமலும் எடுக்கலாம். ஆறு வருஷத்தை எட்டாப் போட்டாச் சரியாயிடும். உங்களுக்குத்தான் வேலை இருக்குதே. போடட்டுமா?"

என் கையிலிருந்த தட்டு தண்ணீருக்குள் நழுவியது. இப்போது அக்கா மகன் இல்லை, சம்பந்தி இல்லை, யாரும் இல்லை. அவரும் போனும்தான்.

"வேணாம்ப்பா," என்றார். "வேலையும் இல்ல. வயலுக்கு நேத்தே சொல்லிட்டேன், வரலைன்னு."

போனை வைத்துவிட்டு அவர் திரும்பியபோது நான் கைத்துண்டால் அவர் தோளில் ஒன்று வைத்தேன். பிறகு இன்னொன்று. அழுகையும் வந்துவிட்டது, அதனால் குறி சரியாக விழவில்லை.

"எதுக்குடி அடிக்கிறே?"

"நேத்தே சொல்லிட்டியா? நேத்தேவா? ராத்திரி பூரா நான் புரண்டுக்கிட்டுக் கிடந்தேனே, பார்த்துக்கிட்டே இருந்தியா?"

"நீ என்கூடப் பேசலையே."

"போக வேணாம்னு இருந்தா வியாழக்கிழமையே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது?" அவர் முக்காலியில் உட்கார்ந்தார். "அந்த நாற்காலியில உட்கார்ந்து அட்வான்ஸ் கட்டும்போதே வேணாம்னு ஆயிடுச்சு. திரும்ப அந்தத் தகரக் கொட்டகை, அந்தக் காத்து, ஒரே அறையில நாலு பேரு. யாராவது வந்து தடுக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு. நீ கத்தினே, கத்தினே. இறங்கி வர ஒரு படி போட்டியா? சம்பந்திகிட்டப் போய் என் பொண்டாட்டி விடலைன்னா சொல்ல முடியும்?"

"சொல்லியிருக்கலாமே. உண்மைதானே."

"அதான் அக்கா மகன் வந்து சொல்லிட்டானே," என்றார். தானே சிரிக்க ஆரம்பித்து, என்னையும் சிரிக்க வைத்துவிட்டார்.

இப்போது எங்களுக்குப் பழைய வண்டியும் இல்லை, புது வண்டியும் இல்லை. மாவு மூட்டையைக் கைவண்டியில் வைத்து அவர் தள்ளுகிறார், நான் பின்னால் நடந்து குறை சொல்லிக்கொண்டு வருகிறேன். பேரம் தகுமா தகாதா என்று யாராவது கேட்டால், இவ்வளவு லாபமான பேரத்தை நான் பார்த்ததே இல்லை என்பேன். மனசு அத்தனை லேசாக இருக்கிறது.

அவர் எண்ணெய் வயலுக்குக் கிளம்பியிருக்க வேண்டிய நாளும் வந்தது. மேற்கே போகிற ரயில் காலையில் எங்கள் வீட்டுச் சுவரை அதிர வைத்துக்கொண்டு போனது. இரண்டு பேரும் அது கடந்து முடிகிற வரை கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு கிழவர் தேநீர்க் கிண்ணத்தை என் பக்கம் நீட்டி, "என்ன கிழவி, இன்னிக்கு அரைக் கிண்ணம் அரைக் கிண்ணமா ஊத்துறே? பால் தீர்ந்துபோச்சா?" என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்.

பால் நிறையவே இருந்தது. எங்கள் வீடுகளில் கிண்ணத்தை நிறைத்துக் கொடுத்தால், குடித்துவிட்டு எழுந்து போ என்று அர்த்தம். நான் மறுபடியும் பாதிதான் ஊற்றினேன்.